அம்மா வைக்கும் சாம்பாரில் உப்பு ஏறிக்கொண்டே போகிறதா?

சேலையூர்ப் பக்கம் நான் பார்த்த வீடுகளில் முதலில் செய்வது, அம்மாவை அடுப்படியிலிருந்து விலக்குவது. அது வேண்டாம். முதலில் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். போட்டதை மறந்து மறுபடி போடுகிறாரா, போட்டது நாக்குக்கு எட்டாமல் போடுகிறாரா?

பருப்புத் தண்ணீரை மூன்று கிண்ணத்தில் எடுங்கள். ஒன்று உப்பில்லாமல், ஒன்று அளவாக, ஒன்று தூக்கலாக. வாய் கொப்பளிக்க வைத்து ஒவ்வொரு ஸ்பூன் கொடுங்கள். இதைப் பரீட்சை மாதிரி நடத்தினால் காரியம் கெட்டது. ‘எதும்மா ரசத்துக்குச் சரியா இருக்கும்?’ என்று யோசனை கேளுங்கள். சரியாகப் பிரித்துச் சொன்னால் நாக்கு தேவலை, மறதியைத்தான் கவனிக்க வேண்டும். தடுமாறினால், கண்ணை மூடச் சொல்லி காபித்தூளையும் பெருங்காயத்தையும் மூக்கருகே காட்டுங்கள். ருசியில் பெரும்பங்கு மூக்கினுடையது. அல்சைமர் நோயில் மறதி வெளியே தெரியும் முன்பே மோப்பம் மங்குவது உண்டு. நோய் முதலில் தொடும் மூளைப் பகுதிகள் மோப்பத்துக்கும் வேண்டியவை.

இது வீட்டளவில் ஒரு துப்பு, அவ்வளவுதான். மூக்கு மந்தமான எல்லோருக்கும் மறதி நோய் என்று பதறாதீர்கள். வயது, சளி, கோவிட், வாய் வறட்சி, பல்செட்டுக்கு அடியில் புண், எதுவும் காரணமாகலாம். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் சிலருக்கு வாயில் இரும்புச் சுவை தரும். வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 சத்தைக் குறைக்கக்கூடும். பி12 குறைந்தால் நாக்கும் கெடும், ஞாபகமும் தடுமாறும். நேரத்தோடு கண்டுபிடித்தால் ஊசி, மாத்திரையிலேயே தேறலாம். அதைப் பார்க்காமல் ‘வயசாயிடுச்சு’ என்று விடுவது பெரிய அநியாயம்.

சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். சேலையூர்ப் பக்கத்தவர் என்றால், தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கிண்டி; அங்கே கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது.

சமையலில் உப்பைக் கடைசியில் போடுங்கள். புளிப்பையும் வாசனையையும் ஏற்றுங்கள். தாளிப்பு பரிமாறும் நேரத்தில்தான், அவர் பக்கத்தில் இருக்கும்போதுதான். வாசனைக்காகப் பெருங்காயம் கட்டியாகவே வாங்குங்கள், தூள் வேண்டாம். சோடியம் குறைந்த உப்பை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் உண்டு, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து.

மோப்பம் போனவருக்கு கேஸ் கசிவது தெரியாது, ஊசிப்போன குழம்பும் தெரியாது. ராத்திரி ரெகுலேட்டரை நீங்களே மூடுங்கள். மிச்சக் குழம்பை முகர்ந்து பார்க்கும் வேலையும் உங்களுடையது.