ஐந்து கோல் விட்ட முதல் நாள்



போன மாதம் ஞாயிறு வகுப்பு முடிந்து கோயில் மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். நம் பெண்கள் குழுவில் கோல் காவலராக நிற்கும் தங்கச்சி பக்கத்தில் வந்து நின்றாள். முகம் வாடிப் போயிருந்தது.

"அக்கா, இனிமே நான் கோல்ல நிக்க மாட்டேன். வேற யாரையாச்சும் போடுங்க."

"ஏம்மா?"

"நேத்து நாலு கோல் விட்டுட்டேன்கா. பையனுங்க எல்லாம் சிரிச்சானுங்க."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவள் சொன்னது என் கதை.

நான் பிறந்து வளர்ந்தது திகாம் பத்து பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். அப்பா காலையில் பால் வெட்டிவிட்டு வருவார், மாலையில் தோட்டத்துத் திடலில் எனக்குப் பந்து உதைத்துப் போடுவார். எங்கள் வீட்டில் கோல்கீப்பர் என்றால் ஆறுமுகம்தான். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய அந்த மனிதர் மாதிரி நானும் பாய வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. சுங்கை பட்டாணிக்குப் போய் எனக்குக் கையுறை வாங்கி வந்தார். எனக்கு 15 வயதிருக்கும்போது பக்கத்துத் தோட்டத்தோடு ஓர் ஆட்டம். ஆறு கோல் விட்டேன். மறுநாள் கடைப் பக்கம் போனால், "சல்லடை வருது பாரு" என்றார்கள். கையுறையைப் பரண்மேல் வீசினேன். அப்பாவோ அம்மாவோ யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானேதான் விட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து அதிதி சௌஹானைப் பற்றிப் படித்தேன். இந்தப் பாடம் அவரைப் பற்றியது.

அதிதி 1992 நவம்பர் 20-இல் சென்னையில் பிறந்தவர், தில்லியில் வளர்ந்தவர். சிறுவயதில் கராத்தே கற்றார், கூடைப்பந்து ஆடினார். காற்பந்துக்கு வந்தபோது அவருக்கு வயது 15. பள்ளிப் பயிற்றுநர் முயன்று பார்க்கச் சொல்ல, போய்ப் பார்த்தார். 17 வயதில் தில்லியின் 19 வயதுக்குட்பட்டோர் அணியில் கோல் காவலர். 2012-இல் தெற்காசிய வெற்றியாளர் கிண்ணத்தை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். நான் விட்ட வயதில் அவர் தொடங்கியிருக்கிறார்! அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆட்டத்துக்காக அவர் படிப்பை விடவில்லை. விளையாட்டு நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் படிக்க இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2015-இல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் பெண்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்துப் பெண்கள் லீக்கில் களமிறங்கிய முதல் இந்திய வீராங்கனை அவர்தான். ஒன்றை இங்கே நினைவில் வையுங்கள். அதே இங்கிலாந்தில்தான் 1921-இல் காற்பந்துச் சங்கம், தன் கிளப்புகளின் திடல்களில் பெண்கள் ஆடவே கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை ஏறக்குறைய 50 ஆண்டுகள் நீடித்தது.

அதிதியின் முதல் ஆட்டம் 2015 ஆகஸ்ட் 16-இல் நடந்தது. எதிரணி கவன்ட்ரி. முடிவு என்ன தெரியுமா? 0-5 தோல்வி!

இத்தனை தூரம் போய், முதல் நாளே ஐந்து கோல். கோல் காவலரின் வேலை அப்படிப்பட்டது. தாக்குதல் ஆட்டக்காரர் பத்து முறை வெளியே அடித்துவிட்டு ஒன்றைப் போட்டாலும் கைதட்டுவார்கள். கோல் காவலர் பத்தைப் பிடித்து ஒன்றை விட்டால் அந்த ஒன்றைத்தான் பேசுவார்கள். கோல் கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அவ்வளவு இடத்தையும் ஒருவரே காக்க வேண்டும். ஆனால் பந்து அவரிடம் வருவதற்கு முன் மற்ற பத்துப் பேரையும் தாண்டித்தான் வருகிறது. இதைச் சிரிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். அன்று நானும் மறந்துவிட்டேன்.

அதிதி ஆட்டத்தை விட்டுவிடவில்லை. அதே ஆண்டு லண்டன் வெம்ப்ளியில் நடந்த ஆசியக் காற்பந்து விருது விழாவில் அவருக்கு விருது கிடைத்தது. 2016-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவோடு தங்கம் வென்றார். 2020-இல் கோகுலம் கேரளா அணியோடு இந்தியப் பெண்கள் லீக் கிண்ணம். முழங்கால் காயங்களிலிருந்து மீண்டு வந்தார். நாட்டுக்காக 57 ஆட்டங்கள் ஆடிவிட்டு 2025 ஜூலையில் ஓய்வு பெற்றார். அதற்கு முன்பே சிறுமிகளுக்குப் பயிற்சி தர ஒரு காற்பந்துப் பள்ளியையும் தொடங்கிவிட்டார்.

நான் பெரிய ஆட்டக்காரியாக வந்திருப்பேன் என்று சொல்லவில்லை. வந்திருப்பேனா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் வழியை நானே அடைத்துவிட்டேன். அதுதான் வருத்தம். ஆறு கோல் விட்டதை ஊர் எப்போதோ மறந்துவிட்டது. ஆனால் பரண்மேல் கிடந்த கையுறையை அப்பா பல நாள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு மறக்கவில்லை.

இதையெல்லாம் மண்டபத் திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "அஞ்சு கோலாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை திடலுக்கு வந்தாள். இரண்டு கோல் விட்டாள். மூன்றாவது பந்தைப் பாய்ந்து பிடித்தாள். சிரித்த பையன்களில் ஒருவன்தான் முதலில் கைதட்டினான்.

குழுவில் கலந்து பேசுங்கள்:

1. ஒரு தோல்விக்குப் பிறகு நீங்கள் கைவிட்டது எது? மீண்டும் தொடங்க என்ன தேவை?
2. தோற்றவரைப் பார்த்து நீங்கள் சிரித்ததுண்டா? அவரிடம் இன்று என்ன சொல்வீர்கள்?
3. உங்கள் ஊர்த் திடலில் தங்கைகள் ஆட இடமும் நேரமும் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த மாதம் உங்கள் குழு என்ன செய்யும்?