வாசிக்கத் தெரிகிறது, விளங்குகிறதா?



"என் பிள்ளை பாடத்தை மடமடவென்று வாசிக்கிறாள். கேள்வி கேட்டால்தான் முழிக்கிறாள்" என்று நம் மாலை வகுப்புக்கு வரும் தாய்மார்கள் பலர் சொல்கிறார்கள். அண்மையில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் ஒரு கணக்கை வாசிக்கச் சொன்னோம்: ‘ஒரு முழம் மல்லிகை 40 ரூபாய். 3 முழம் வாங்கி 200 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு?’ பிழையின்றி வாசித்தாள். விடை 243 என்றாள். கண்ணில் பட்ட எண்களை எல்லாம் கூட்டிவிட்டாள். புத்தகத்தை மூடிவிட்டு, "நீ பூக்கடைக்குப் போயிருக்கிறாய்" என்று தொடங்கி அதையே வாயால் கேட்டோம். உடனே 80 என்றாள்.

கணக்கு அவளுக்குத் தெரியும். வாசித்தது மனதில் ஏறவில்லை. இதில் எங்கள் தவறும் உண்டு. சென்ற ஆண்டு வாசிப்புப் போட்டியில் தடங்கலின்றி வாசித்தவர்களுக்கே பரிசு கொடுத்தோம். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

குர்ஆனைப் பொருள் தெரியாமல் ஓதினாலும் நன்மை உண்டு என்று நம்புகிறோம். ஆனால் அதன் வசனங்களைச் சிந்திக்கும்படி குர்ஆனே (38:29) சொல்கிறது. பாடப் புத்தகத்திலோ விளங்காத வாசிப்பால் பயனே இல்லை.

கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் இதை எளிதாக விளக்கினார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியை விளங்கும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசித்து விளங்குதல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.

முதலில் குறை எங்கே என்று பாருங்கள். ஒரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். பதில் சொன்னால், பிள்ளை தானே வாசிக்கும்போது பொருளைக் கவனிக்காமல் ஓடுகிறது. நிறுத்தி நிறுத்தி வாசிக்கப் பழக்குங்கள். பதில் வராவிட்டால் சொல்லோ விஷயமோ புதிது. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு பற்றிய பாடம் நம் பிள்ளைக்குச் சட்டென்று விளங்கும். பனிமலை பற்றிய பாடம் விளங்காது. உருது பேசும் வீடுகளில் புதிய தமிழ்ச் சொல்லுக்கு முதலில் உருதுவில் பொருள் சொல்லுங்கள்.

பிறகு தினமும் பத்து நிமிடம், பாலின்சார், பிரௌன் இருவரும் 1984இல் சோதித்துக் காட்டிய நான்கு பழக்கங்களைச் செய்யுங்கள். யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை வாசிப்பதாகக் கொள்வோம்.

1. அடுத்து என்ன நடக்கும் என்று ஊகித்துச் சொல்லட்டும்.

2. கேள்வி கேட்கட்டும். ‘யார், எங்கே’ என்பதற்கு விளங்காமலே பதிலைத் தேடி எடுத்துவிடலாம். ‘ஏன்’ என்று கேட்கப் பழக்குங்கள். சட்டையில் இரத்தம் இருந்தும் தந்தை யஃகூப் (அலை) ஏன் மகன்களை நம்பவில்லை?

3. விளங்காத சொல்லில் நின்று பொருள் கேட்கட்டும்.

4. புத்தகத்தை மூடிவிட்டு, இரண்டு வரியில் தன் சொந்தச் சொல்லில் சொல்லட்டும்.

"எங்களுக்கே படிப்பில்லையே" என்று தயங்க வேண்டாம். "நீ வாசித்ததை அத்தாவுக்குச் சொல்லு" என்று கேட்கப் படிப்பு தேவையில்லை. விடுமுறையில் புதுநத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 2023 ஜூலை 15இல் திறக்கப்பட்ட அங்கே சிறுவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. பிள்ளை விரும்பும் எளிய புத்தகத்தில் தொடங்குங்கள்.

இன்று பாடத்தை விளங்காமல் வாசிக்கும் பிள்ளை, நாளை கடன் பத்திரத்தையும் விளங்காமல் வாசித்துக் கையெழுத்துப் போடும். ஆகவே இவ்வருடப் போட்டியில் வாசித்தபின் மூன்று ‘ஏன்’ கேள்விகள் கேட்போம், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.