உறைபனியிலும் உறையாத தண்ணீர்த் தொட்டி

குஷாய்குடாவில் மார்கழி மாதத்து விடியற்காலையில் எருமைக்குத் தண்ணீர் காட்டச் செல்பவர் தொட்டியில் கை வைத்தால் விரல்கள் சில்லிடும். ஆயினும் தண்ணீர் உறைந்திருப்பதை அவர் ஒருநாளும் கண்டிருக்கமாட்டார். ஹைதராபாத்தில் பதிவாகியுள்ள மிகக் குறைந்த உஷ்ணநிலை, 1946ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் காணப்பட்ட 6.1 டிகிரி சென்டிகிரேடு ஆகும். நீர் உறைவதற்கு அதனினும் ஆறு டிகிரி கீழே இறங்கவேண்டும்.

நம் நாட்டின் வட எல்லையிலோ நிலைமை வேறு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள லே நகரில், ஜனவரி இரவுகளில் உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழே 15 டிகிரி அளவுக்கு இறங்குவது இயல்பு. ஓடைகளின் மேற்பரப்பு பனிக்கட்டியாகிவிடும், குழாய்கள் அடைபடும். பசு, செம்மறி, வெள்ளாடு, யாக், யாக்கும் பசுவும் கலந்த ‘ஜோ’ என்னும் இனம் ஆகிய அனைத்தும் அந்தக் குளிரிலும் தண்ணீர் குடித்தாகவேண்டும். அவ்விடத்திற்கு ஏற்ற தொட்டி எது, ஏன் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். இதில் காணும் விதிகள் குஷாய்குடாவின் கோடைக்கும் பயன்படுவதை இறுதியில் உணரலாம்.

தண்ணீர் குறைந்தால் நேர்வது என்ன?

பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீரே. பால் வற்றிய பசுவுக்குக்கூட நாளொன்றுக்கு முப்பது லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் தேவைப்படலாம். கறவைப் பசுவுக்கோ, அது தரும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் மூன்று அல்லது நான்கு லிட்டர் கூடுதலாகத் தேவை. தண்ணீர் குறையும்போது மாடு தீவனத்தையும் குறைத்துக்கொள்கிறது. உலர்ந்த வைக்கோலையும் உலர்புல்லையும் நம்பியிருக்கும் குளிர்காலத்தில் இக்குறை விரைவில் பாலிலும் உடல் எடையிலும் வெளிப்படும்.

‘சுற்றிலும் வெண்பனி கிடக்கிறதே, அதைத் தின்னக்கூடாதா?’ என்று சிலர் கேட்கலாம். மேய்ச்சல் நிலத்துப் பிராணிகள் பனியைத் தின்பதும் உண்டு. ஆனால் அதற்கு அவை கொடுக்கும் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பூஜ்யத்திற்குக் கீழே 10 டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனியைப் பூஜ்யத்திற்குக் கொண்டுவர 5 கிலோகலோரி வெப்பம் தேவை. அதை உருக்க 80 கிலோகலோரி. உருகிய நீரை மாட்டின் உடல் உஷ்ணமாகிய 38.5 டிகிரிக்கு உயர்த்த மேலும் 38.5 கிலோகலோரி. ஆகமொத்தம் ஏறத்தாழ 123 கிலோகலோரி. அதே ஒரு கிலோவை 4 டிகிரி தண்ணீராகக் குடித்திருந்தால் 34.5 கிலோகலோரியே செலவாகியிருக்கும். முப்பது கிலோவுக்கு இவ்விரண்டின் வேறுபாடு 2,600 கிலோகலோரிக்கும் மேல். அசைபோடும்போது வயிற்றில் பிறக்கும் வெப்பம் இதில் ஒரு பங்கை ஈடுசெய்யும் என்பது உண்மை. எனினும் கடுங்குளிரில் எஞ்சியதைத் தீவனத்தையும் உடற்கொழுப்பையும் எரித்தே பிராணி பெறவேண்டும். தீவனம் அருகிய பிரதேசத்தில் இது சிறிய இழப்பன்று.

நீர் உறையும் விதம்

நீர் 4 டிகிரியில்தான் மிகுந்த அடர்த்தியுடையது. அதற்கும் கீழே குளிர்ந்த நீர் இலேசாகி மேலே மிதக்கிறது. ஆகவே பனிக்கட்டி முதலில் மேற்பரப்பில் தோன்றுகிறது. அடியில் நீர் நீராகவே இருக்கும். ஏரி மீன்களுக்கு இது நன்மை. தொட்டியில் வாய் வைக்கும் பசுவுக்கோ இது இடையூறு.

நூறு லிட்டர் கொள்ளும் தொட்டியில் 4 டிகிரி நீர் இருப்பதாகக் கொள்வோம். அது பூஜ்யத்தை எட்ட 400 கிலோகலோரி வெப்பத்தை இழந்தால் போதும். முழுவதும் கட்டியாக உறையவோ மேலும் 8,000 கிலோகலோரியை இழக்கவேண்டும். அதாவது தொட்டி முழுவதும் உறைவது நெடுநேர வேலை. மேலே மெல்லிய ஏடு படிவது சில மணி நேர வேலை. அந்த ஏடு ஒன்றே கன்றையும் ஆட்டையும் தடுத்துவிடும். எனவே தொட்டியைத் தேர்ந்தெடுப்பவர் கவனிக்க வேண்டியது இந்த ஏட்டைத்தான்.

மற்றொன்று: நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுகிறது. மூடிய குழாய்க்குள் பெருகும் பனிக்கட்டிக்கு இடமில்லாமையால் இரும்புக் குழாயும் பிளந்துவிடும்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

தொட்டி நீருக்கு விறகின்றிக் கிடைக்கும் வெப்பம் இரண்டு வகை. ஒன்று, நிலத்தின் வெப்பம். குளிர்காலத்தில் மேல்மண் உறைந்தாலும், ஆழத்தில் உள்ள மண் அவ்விடத்தின் ஆண்டுச் சராசரி உஷ்ணநிலையை ஒட்டியே இருக்கும். லேயில் அது பூஜ்யத்திற்குச் சில டிகிரி மேலாகும். லடாக் மக்கள் உருளைக்கிழங்கையும் டர்னிப்பையும் குளிர்காலத்தில் நிலவறைகளில் பாதுகாப்பது இவ்வுண்மையை அனுபவத்தால் அறிந்தே. பழைய லடாக் வீடுகளில் கீழ்த்தளத்தைக் கால்நடைகளுக்கு ஒதுக்கியதும் இத்தகைய அறிவே. பிராணிகளின் உடல்வெப்பம் மேல்தளத்தில் வாழ்வோருக்கும் உதவியது.

மற்றொன்று, புதிதாக வரும் நீர் தன்னோடு கொணரும் வெப்பம். மாடுகள் 50 லிட்டர் குடித்து, அந்த இடத்தில் 8 டிகிரியில் உள்ள 50 லிட்டர் நிலத்தடி நீர் வந்து நிரம்பினால், பூஜ்யத்திற்கு மேல் 400 கிலோகலோரி வெப்பம் தொட்டிக்குள் வந்து சேர்கிறது. மேலே கூறிய ஏட்டைத் தடுப்பதற்கு வேண்டிய அளவும் இதுவே அன்றோ!

இதிலிருந்து முக்கியமான விதி ஒன்று பிறக்கிறது. தொட்டியின் அளவு, குடிக்கும் பிராணிகளின் எண்ணிக்கைக்குப் பொருந்தியிருக்கவேண்டும். இரண்டு பசுக்களுக்கு ஐந்நூறு லிட்டர்த் தொட்டி கட்டினால் நீர் மாறாது. மாறாத நீர் உறையும். சிறிய தொட்டியில் அடிக்கடி நிரம்பும் நீர் உறையாது. ‘பெரிதாகக் கட்டினால் நல்லது’ என்னும் எண்ணம் இங்கே பொய்த்துவிடுகிறது.

தொட்டி வகைகள்

1. திறந்த தகரத் தொட்டி: விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் இரும்பு, நுரைப் பலகையைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தவல்லது. அகன்ற வாயின் வழியாகவும் வெப்பம் வெளியேறும். கடுங்குளிருக்கு இது ஏற்றதன்று.

2. மண் அணைத்த தொட்டி: தொட்டியின் பக்கங்களில் மண்ணையோ, இரட்டைச் சுவரின் இடையே உலர்ந்த வைக்கோலையோ நிரப்பி, மேல்வாயில் பெரும்பகுதியைப் பலகையால் மூடி, முகம் நுழையும் அளவுக்கு மட்டும் திறப்பு விடவேண்டும். வைக்கோல் நனைந்தால் காப்புத்திறன் போய்விடும். உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே இதை அமைக்கலாம்.

3. பந்து மூடித் தொட்டி: தடித்த காப்புச் சுவருடைய தொட்டியின் வாயை உள்ளே மிதக்கும் ஒரு பந்து அடைத்திருக்கும். மாடு மூக்கால் பந்தை அழுத்திக் குடிக்கும். தலையை எடுத்ததும் பந்து மேலெழுந்து மூடிக்கொள்ளும். தொட்டிக்கு அடியில் ஆழமாகப் புதைத்த அகன்ற குழாய் நிலத்தின் வெப்பத்தை மேலே கொணரும். மின்சாரம் வேண்டியதில்லை. கன்றுகளுக்கும் ஆடுகளுக்கும் பழக்கிவிடவேண்டும். போதிய பிராணிகள் குடிக்காவிட்டால் பந்து விளிம்போடு ஒட்டி உறைந்துவிடும்.

4. மின்சூடேற்றித் தொட்டி: 250 வாட் சூடேற்றி மணிக்கு ஏறத்தாழ 215 கிலோகலோரி வெப்பம் தரும். நன்கு மூடிய சிறு தொட்டிக்கு இதுவே போதுமானது. திறந்த தொட்டியிலோ இவ்வெப்பம் காற்றோடு போகும். மின்சாரம் தடைபடும் இரவே பெரும்பாலும் கடுங்குளிர் இரவாகவும் அமையும் என்பதை மறத்தலாகாது. மின்கசிவு சிறிதளவு இருப்பினும் மாடுகள் அதை உணர்ந்து குடிக்க மறுக்கும். மிகுந்தால் உயிரையே பறிக்கும். நில இணைப்பும், கசிவு கண்டவுடன் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியும் இன்றியமையாதவை.

எவ்வகைத் தொட்டியாயினும், நீர் கொணரும் குழாய் மண் உறையும் ஆழத்திற்குக் கீழே செல்லவேண்டும். தரைக்கு மேலெழும் குழாயின் அடைப்பு, அந்த ஆழத்திலேயே அமைவது சிறப்பு. கைப்பிடியை மூடியதும், மேற்குழாயில் எஞ்சிய நீர் அடியிலுள்ள சரளைக்கல் படுகையில் வடிந்துவிடும். காலிக் குழாயில் உறைவதற்கு எதுவும் இராது. மிதவைக் குண்டையும் மூடியின் கீழேயே வைக்கவேண்டும்.

செய்யத்தகாதவை

நீரில் உப்பிட்டால் உறையாது என்று கருதுவது தவறு. லிட்டருக்குப் பத்து கிராம் உப்பு கரைத்தாலும் உறைநிலை அரை டிகிரிக்குச் சற்று மேல்தான் இறங்கும். உப்புநீரோ பிராணியின் தாகத்தைப் பெருக்கும். மோட்டார் வண்டிகளில் ஊற்றும் உறைதடுப்புத் திரவம் கொடிய நஞ்சு. அதைத் தொட்டிக்கு அருகிலும் வைக்கலாகாது.

செய்து பார்க்க

குஷாய்குடாவில் உள்ளவரும் இதைச் சோதித்தறியலாம். ஒரே அளவுள்ள இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் சம அளவு நீர் ஊற்றுக. ஒன்றை வைக்கோல் அடைத்த அட்டைப்பெட்டியில் பொதிந்து மூடிவைக்க. மற்றதைத் திறந்தே விடுக. இரண்டையும் குளிர்ப்பெட்டியின் உறையறையில் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை பார்க்க. ஏடு எதில் முதலில் படிகிறது என்று குறித்துக்கொள்க. பின்னர் புதிய நீருடன் அவற்றையே சித்திரை வெயிலில் வைத்து உஷ்ணமானியால் அளந்து பார்க்க. குளிரில் வெப்பத்தை வெளியே விடாத வைக்கோல், வெயிலில் வெப்பத்தை உள்ளே விடாததையும் காணலாம்.

மூடியும், காப்புச் சுவரும், புதைத்த குழாயும் லேயில் நீரை உறையாமற் காப்பவை; குஷாய்குடாவில் மே மாத நண்பகலில் எருமை விரும்பிக் குடிக்கும் குளிர்ச்சியை நீருக்குத் தருபவையும் அவையே. ஆகையால் தொட்டி வாங்கச் செல்பவர் விலையைக் கேட்குமுன் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வாராக: எத்தனை பிராணிகள் குடிக்கும்? நீர் எந்த ஆழத்திலிருந்து வருகிறது? மின்சாரம் இல்லாத இரவில் என்ன ஆகும்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால் தகுந்த தொட்டி எது என்பதும் தெரிந்துவிடும்.