கணனிக்கு முகவரி கிடைக்காவிட்டால்...



முகவரி இல்லாத கஷ்டம் நமக்குப் புதிதல்ல. லயத்துக் காம்பராவுக்குத் தனி இலக்கம் இல்லாததால், தோட்டத்துப் பேருக்கு வந்த கடிதம் ஆபீசிலேயே கிடந்து, நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. கணனிக்கும் இதே கஷ்டம் வரும்.

எங்கள் கணனி நிலையம் ஒன்றில், பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று இன்டர்நெட் வேலை செய்யவில்லை. "கணனி பழுதாப் போச்சு" என்று ஒரு தாய் அன்றைய பேரை விட்டுவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் டவுனுக்குப் போனார். கடையில் வயரைக் கொழுவியதும் இன்டர்நெட் வந்துவிட்டது! பழுது கணனியில் இல்லை. நிலையத்தில் இருந்த ரவுட்டர் பெட்டிதான் முகவரி கொடுக்காமல் நின்றிருந்தது. ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் வீண். இனி யாருக்கும் அப்படி நடக்கக்கூடாது என்றுதான் இந்தப் பாடம்.

முகவரி எப்படிக் கிடைக்கிறது?

பெரட்டுக்களத்தில் பேர் பதிவதை நினைத்துப் பாருங்கள். கணனியைப் போட்டதும் அது, "எனக்கு ஒரு இலக்கம் தர யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கும். ரவுட்டர், "இந்த இலக்கம் இருக்கு, வேணுமா?" என்னும். "அதையே எடுத்துக்கிறேன்" என்று கணனி சொல்லும். "சரி, பதிஞ்சாச்சு" என்று ரவுட்டர் முடிக்கும். இந்த ஏற்பாட்டின் பெயர் டீ.எச்.சீ.பி. இதன் விதிகள் 1993 இல் முதலில் வெளிவந்தன. இலக்கம் நிரந்தரமல்ல, தவணைக்குத்தான் கிடைக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி?

விண்டோஸ் கணனியில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, ஆங்கில எழுத்தில் ஐபிகான்ஃபிக் என்று அடியுங்கள். ஐ.பி.வி.4 முகவரி 169.254 என்று தொடங்கினால், யாரும் இலக்கம் தரவில்லை, கணனி தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். இது அரைப்பேர் மாதிரி. பக்கத்துக் கணனியோடு பேசலாம், இன்டர்நெட்டுக்குப் போக முடியாது. 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் முகவரி கிடைத்துவிட்டது. அப்போது ரவுட்டருக்கு வெளியே உள்ள லைனையோ டேட்டா மீதியையோ பாருங்கள்.

செய்ய வேண்டியவை

1. மற்றக் கணனிகளையும் போனையும் பாருங்கள். எல்லாவற்றிலும் இல்லையென்றால் குறை ரவுட்டரில். ஒன்றில் மட்டும் இல்லையென்றால் அந்தக் கணனியில் அல்லது அதன் வயரில்.

2. வயரின் இரண்டு முனைகளையும் கழற்றி, 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை மாட்டுங்கள். அந்த இடத்தில் சிறு லைட் எரிகிறதா பாருங்கள். வைஃபை என்றால் கடவுச்சொல்லைத் திரும்பப் போடுங்கள்.

3. ரவுட்டரை நிறுத்தி, அரை நிமிஷம் பொறுத்துப் போடுங்கள். லைட்டுகள் நிலைத்த பிறகு கணனியையும் நிறுத்திப் போடுங்கள்.

4. ஐபிகான்ஃபிக், ஓர் இடைவெளி, சாய்கோடு, ரிலீஸ் என்று அடியுங்கள். பிறகு ரிலீஸ் என்ற இடத்தில் ரினியூ என்று போட்டு அடியுங்கள். கணனி புது இலக்கம் கேட்கும்.

5. முன்பு யாராவது கையால் இலக்கம் எழுதி வைத்திருக்கலாம். நெட்வொர்க் செட்டிங்கில் அதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள்.

6. வேறு பழைய ரவுட்டரை யாரும் அதே வயரில் கொழுவியிருந்தால் கழற்றுங்கள். ஒரு மலைக்கு இரண்டு கங்காணி இருந்தால் வேலை குழம்பும்தானே!

போன்கள் நிறைய சேர்ந்தால் ரவுட்டரில் இலக்கம் தீர்ந்துபோவதும் உண்டு. தேவையில்லாதவற்றில் வைஃபையை நிறுத்தச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்து சரிவராவிட்டால் மட்டும் டவுனுக்குப் போவோம். அப்போதும் 169.254 வந்ததா இல்லையா என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். கடைக்காரர் நம்மை ஏமாற்ற முடியாது. பிள்ளையின் பெறுபேறும் பிந்தாது.