நனைந்த கம்பளி சூடு தருமா?

"சார், பண்டல் கடையில் இராணுவக் கம்பளிச் சிலுவார் மலிவாகக் கிடைக்கிறது. கோர்பு மலைக்கு வாங்கலாமா?" மலையேறப் போகும் மாணவர்கள் கேட்கும் கேள்வி இது. வெயில் நாட்டில் கம்பளியா என்று சிரித்துவிட வேண்டாம்.

ஈப்போவுக்கு அருகே, தஞ்சோங் ரம்புத்தான் பக்கமிருந்து ஏறும் கோர்பு மலையின் உயரம் 2,183 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. ஈப்போவில் இரவு 24 பாகை என்றால், உச்சியில் ஏறக்குறைய 10 பாகை. அதோடு மழையும் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

இந்த நிலையில் ஜீன்ஸ்தான் மோசமான உடை. அது பருத்தி. நனைந்ததும் அதன் இழைகள் தளர்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். இழைகளுக்கு இடையில் காற்று இருந்த இடத்தில் நீர் வந்துவிடும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பனி நனைத்த புல்லில் நடந்து பால்மரம் வெட்டிய உங்கள் பாட்டியைக் கேளுங்கள். ஈரச் சேலை காலில் ஒட்டினால் எப்படிக் குளிரும் என்று அவர் சொல்வார்.

ஈரம் ஆவியாவதும் வெப்பத்தைப் பறிக்கும். நான்காம் படிவ இயற்பியலில் வரும் உள்ளுறை வெப்பம் இதுதான். தோலின் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் தேவை. உடையில் உள்ள 200 கிராம் நீர் முழுவதும் உங்கள் உடல் வெப்பத்தால் காய்ந்தால் 480,000 ஜூல் போய்விடும். 50 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் புதிதாக வெப்பம் உண்டாக்காவிட்டால், அவர் உடல் வெப்பநிலை 2.7 பாகை இறங்கிவிடும். அதாவது 37-இலிருந்து 34.3-க்கு. 35-க்குக் கீழே இறங்கினாலே உயிருக்கு ஆபத்தான உடல்குளிர்வு நிலை. உடல் நடுங்குவது இந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

கம்பளி என்ன செய்கிறது? ஆட்டு ரோமம் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. இயல்பாகவே சுருண்டிருப்பதால், நனைந்தாலும் முழுவதுமாகப் படிந்துவிடாது. ஓரளவு காற்று உள்ளே தங்கும். இழையின் மேற்பரப்பு நீர்த்துளியைத் தள்ளும். உட்பகுதியோ நீராவியை ஈர்க்கும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கியும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. ஈர்க்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். எளிதில் தீப்பற்றாது என்பதும் படைவீரர்களுக்கு முக்கியம். நெருப்புப் பொறி பட்டால் நைலான் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி கருகுவதோடு நிற்கும்.

ஆனால் "கம்பளி நனைந்தாலும் சூடு தரும்" என்பதை அப்படியே நம்பாதீர்கள். நனைந்த கம்பளி நனைந்த பருத்தியைவிட மேல், அவ்வளவே. காய்ந்த கம்பளிக்கு அது ஈடாகாது. சொட்டச் சொட்ட நனைந்தால் கனக்கும், காய நெடுநேரம் பிடிக்கும். 1924-இல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மல்லோரி கம்பளியை மட்டும் நம்பவில்லை. பட்டு, பருத்தி, கம்பளி என அடுக்கி, மேலே காற்றுத் தடுக்கும் கேபர்டின் துணியும் அணிந்திருந்தார்.

ஆகவே வாங்கலாம். ஆனால் அதை அணிந்துகொண்டு ஏற வேண்டாம். அடிவாரத்திலேயே வியர்வையில் ஊறிவிடுவீர்கள். ஏறும்போது விரைவில் காயும் மெல்லிய பாலியெஸ்டர் போதும். கம்பளியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, முகாமை அடைந்து ஈர உடையைக் கழற்றிய பிறகு போடுங்கள். துவைக்கும்போது வெந்நீர் கூடாது, தம்பிக்குத்தான் பொருந்தும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு டின்களில் ஒரே அளவு சுடுநீர் ஊற்றுங்கள். ஒன்றுக்குப் பருத்திக் காலுறை, மற்றதற்குக் கம்பளிக் காலுறை. இரண்டிலும் 30 மில்லிலிட்டர் நீர் தெளித்து, மின்விசிறி முன் வைத்து, 5 நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். காலுறைகளின் தடிப்பும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிதான். அது வேறுபட்டால் முடிவு துணியின் வகையைக் காட்டாது.