சிவப்புத் திரை வந்தால் திரும்பிவிடுங்கள்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளம், பருத்தி போடும் வீடுகளிலும் இன்று பி.எம். கிசான் தவணையை மொபைலிலேயே பார்க்கலாம். அதே பெயரில் போலி லிங்க்குகளும் உலவுகின்றன. இங்கே பிரவுசர் எப்படி உதவுகிறது?

நீங்கள் திறக்கும் முகவரியை, கூகுள் 2007-ல் தொடங்கிய சேஃப் பிரவுசிங் பட்டியலுடன் குரோம் ஒப்பிடும். மோசடித் தளம் என்றால் திரை சிவப்பாகி எச்சரிக்கும். உடனே பின்னால் வந்துவிடுங்கள்.

குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் இந்த வசதி 'ஆன்' ஆக இருக்கிறதா எனப் பாருங்கள்.

இன்று காலை முளைத்த போலித் தளம் பட்டியலில் ஏறாமல் இருக்கலாம். ஆகவே நான் முகவரியையும் படிப்பேன். 'பிஎம்கிசான் டாட் ஜிஓவி டாட் இன்' என்பதே சரியானது. வாட்ஸ்அப்பில் நேரடியாக வரும் ஏ.பி.கே. பைலை பிரவுசர் தடுக்காது; அதைத் தொடவே வேண்டாம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.