ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம்: சுகாதாரப் பாடங்களை ஞாபகத்தில் இருத்தும் முறை

சங்கங்களின் மாதக் கூட்டங்களில் கடன், தவணை முதலிய விஷயங்கள் முடிந்தபின் சுகாதாரத்தைப் பற்றிச் சிறு பிரசங்கம் செய்யும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அங்கத்தினர்களும் பொறுமையுடன் கேட்கிறார்கள். பிரசங்கம் நடந்ததாக நடவடிக்கைப் புஸ்தகத்தில் பதிவும் ஆகிறது. ஆனால் கேட்டவற்றில் எவ்வளவு அவரவர் வீடு வரையில் சென்றது என்பதைத் தணிக்கை செய்வார் பெரும்பாலும் இல்லை.

பாடம் நிற்காமற் போனால் அது கேட்பவர்களுடைய குற்றமென்றே நானும் எண்ணியிருந்தேன். பேதி கண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரை நீர் கொடுக்கவேண்டுமென்றும், ஒரு லிட்டர் ஜலத்திற்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்க்கவேண்டுமென்றும் பல கூட்டங்களில் நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பின்னர் ஓர் இரவு என் இரண்டு வயதுப் பையனுக்குப் பேதி கண்டது. ‘ஆறு’, ‘அரை’ என்னும் எண்கள் எனக்கு ஞாபகம் வந்தன. ஜலத்தின் அளவு வரவில்லை. ஆறு கரண்டி சர்க்கரையையும் அரைக்கரண்டி உப்பையும் ஒரே தம்ளர் ஜலத்தில் கரைத்துக் கொண்டுபோனேன். என் மனைவி ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, “இதைக் குழந்தைக்கா கொடுக்கப்போகிறீர்கள்?” என்று கேட்டு முற்றத்தில் கொட்டிவிட்டாள். அவள் கொட்டினது நன்றாயிற்று. உப்பு மிஞ்சினால் அது தேகத்திலுள்ள நீரையே வெளியே இழுத்துவிடும். ஏற்கெனவே நீர் வற்றிய சிசுவுக்கு அது பிராணாபத்தாக முடியக்கூடும். சொல்லிக்கொடுத்தவன் நான், மறந்தவனும் நான். ஆகையால் இவ்விஷயத்தை வேறு தேசத்தார் எவ்வாறு கற்பித்தார்கள் என்று தேடிப் படிக்கலானேன்.

முதலில் அந்நீரின் குணத்தைச் சிறிது அறிதல் நலம். வாந்திபேதியில் குடலின் வழியே ஜலமும் உப்பும் ஏராளமாக வெளியேறுகின்றன. உப்பை மட்டும் கரைத்துக் கொடுத்தால் குடல் அதைச் சரிவர ஏற்பதில்லை. சர்க்கரைச் சத்தும் கூடியிருந்தால் இரண்டும் சேர்ந்தே குடற்சுவரைக் கடந்து செல்கின்றன. ஜலமும் அவற்றைப் பின்பற்றிச் செல்கிறது. இதன் பயனை டாக்காவில் நேலின், காஷ் என்னும் வைத்தியர்கள் 1968-ம் வருஷத்தில் வாந்திபேதி நோயாளிகளிடத்தில் நிரூபித்தார்கள். 1971-ம் வருஷத்து யுத்தத்தில் வங்காள அகதிகள் வந்து நிறைந்த பாங்காவ்ம் முகாமில், ஊசி மூலம் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மஹாலநபிஸ் என்பவர் இந்நீரைப் பீப்பாய்களில் கலந்து நோயாளிகளின் உறவினரைக் கொண்டே புகட்டுவித்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரையில் மாண்டுகொண்டிருந்த இடத்தில் அவர் சிகிச்சை செய்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாகவே மாண்டனர்.

மருந்து கிடைத்துவிட்டது. எழுத்தறியாத லக்ஷக்கணக்கான தாய்மார்களுடைய ஞாபகத்தில் அதை எவ்விதம் வைப்பது? பஸ்லே ஹசன் அபெத் என்பவர் 1972-ம் வருஷத்தில் வங்காள தேசத்தில் ஸ்தாபித்த பிராக் என்னும் சங்கத்தார் 1980-ம் வருஷம் முதல் பத்து வருஷ காலம் இவ்வேலையை மேற்கொண்டு, ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு வீடு வீடாகச் சென்று கற்பித்தார்கள். அவர்கள் தராசையும் கரண்டியையும் நம்பவில்லை. மூன்று விரல்களால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் ஜலம், இவ்வளவே அளவு. கை எல்லோரிடத்திலும் இருக்கிறது. ஜலத்தின் அளவு மறவாதபடி அந்தந்த வீட்டிலுள்ள பாத்திரத்திலேயே அடையாளம் செய்துகொடுத்தார்கள். நான் தவறினது இவ்விடத்திலேதான் என்பதைப் படித்தபோது உணர்ந்தேன்.

ஆரம்பத்தில் நினைவில் வைக்கவேண்டிய விஷயங்கள் பத்து என்று வகுத்திருந்தார்கள். பின்னர் அது ஏழாகச் சுருங்கிற்று. நம் துண்டுப் பிரசுரங்களை எழுதுவோர் இதைக் கவனித்தல் நலம். பதினைந்து விதிகளை அச்சிட்டால் பதினைந்தும் போய்விடும். மேலும், ஊழியர் கலந்து காட்டத் தாய் பார்த்துக்கொண்டிருப்பது போதாதென்று கண்டு, தாயே தன் கையால் கலந்து, விஷயங்களைத் தன் வாயாலேயே சொல்லும்படி செய்தார்கள்.

என் உத்தியோகத்திற்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல் வருவது. ஊழியருக்கு எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்பதைக் கொண்டு கூலி கணக்கிடவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் சென்று, பொறுக்கி எடுத்த சில வீடுகளில் தாய்மாரைக் கேள்வி கேட்பார். நீரைக் கலக்கச் சொல்லி, அதில் சிறிது எடுத்துச்சென்று உப்பின் அளவையும் பரீக்ஷை செய்விப்பார். தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருந்ததோ, அவள் கலந்தது எவ்வளவு சரியாக இருந்ததோ, அதற்குத் தக்கபடியே ஊழியருக்குக் கூலி. பிரசங்கிகளுக்கும் இவ்விதம் படி கொடுப்பதென்றால் நம்மில் பலர் வெறுங்கையுடன் திரும்பவேண்டியிருக்கும்.

இதில் ஒரு குறையும் வெளியாயிற்று. தாய்மார்கள் பாடத்தைச் சரியாக ஒப்புவித்தார்கள். நீரையும் சரியாகக் கலந்தார்கள். ஆனால் குழந்தைக்குப் பேதி கண்டபோது ஆரம்பத்தில் மிகச் சிலரே அதைக் கொடுத்தார்கள். காரணத்தை விசாரித்ததில், கற்பித்த ஊழியர்களிலேயே பலருக்கு அதில் நம்பிக்கை இல்லையென்றும், தமக்குப் பேதி கண்டால் அவர்கள் மாத்திரையையே நாடினார்களென்றும் தெரிந்தது. பெண்களிடத்தில் மட்டும் பேசியதால் வீட்டு ஆண்கள் சந்தேகப்பட்டதும் தெரிந்தது. பிறகு ஊழியர்களுக்குச் சிகிச்சையின் காரணத்தை விளக்கினார்கள். கலந்த நீரை ஜனங்கள் எதிரில் தாமே குடித்துக்காட்டும்படி செய்தார்கள். கடைவீதியிலும் மசூதியிலும் ஆண்களையும் கூட்டிப் பேசினார்கள்.

மேற்படி அளவை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவருதல் ஆகாது. மெட்ரிக் அளவுகள் வருமுன் வங்காளத்துச் சேர் எண்பது தோலா. நம் சென்னைச் சேரோ இருபத்துநான்கே தோலா. பெயர் ஒன்றென்று நம்பி நம் சேரில் அளந்திருந்தால் உப்பு மூன்று பங்குக்கு மேல் ஏறியிருக்கும். நமக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இனாமாகவே கிடைக்கிறது. ஒரு லிட்டர் பொட்டலமானால் முழுவதையும் ஒரே தடவையில் ஒரு லிட்டர் ஜலத்தில் கொட்டிக் கரைக்கவேண்டும். தம்ளர் தம்ளராகப் பிரித்துப் போட்டால் அளவு கெட்டுவிடும். கரைத்ததை ஒரு நாளைக்குமேல் வைக்கலாகாது. பொட்டலம் இல்லாதபோது வீட்டில் கலப்பதானால், கொடுக்குமுன் ருசி பார்க்கவேண்டும். கண்ணீரைவிடக் கரிப்பாக இருந்தால் கொட்டிவிட்டு வேறு கலக்கவேண்டியது. கண்ணீரின் ருசி தெரியாதவர் இல்லையாதலால் இவ்வடையாளம் மறப்பதில்லை.

எங்கள் வீட்டுச் செம்பில் ஒரு லிட்டர் ஜலம் நிற்கும் மட்டத்தை ஆணியால் கீறி வைத்திருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும் அங்கத்தினர்கள் தத்தம் வீட்டுச் செம்பைக் கொண்டுவந்தால், சங்கத்து லிட்டர்ப் படியால் அளந்து கோடு கீறிக்கொள்ளலாம். அதற்கடுத்த மாதம் வீட்டுப் பெண்களையும் அழைத்து, யாராவது நால்வரைக் கலக்கச் சொல்லி எல்லோரும் ருசி பார்க்கலாம். குழந்தை குடிக்கமாட்டாமல் சோர்ந்து கிடந்தாலும், கண் குழிவிழுந்தாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும் கலந்த நீரை வழிநெடுகப் புகட்டிக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படவேண்டும்.